ஜூனியர் தேசிய அணியோடு வெளிநாட்டு கேனோ ஸ்லாலம் போட்டிக்கு: பட்டியல் வரும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

உங்கள் மகனோ மகளோ ஜூனியர் தேசிய அணியின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறாரா? அல்லது அந்த அணிக்கு மேனேஜராகப் போகச் சொல்லி உங்களைக் கேட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். கேனோ ஸ்லாலம், அதாவது வேகமாக ஓடும் தண்ணீரில் தொங்கும் கம்பங்களுக்கு (கேட்) நடுவே படகை ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி, சின்ன விளையாட்டு. ஏற்கெனவே போய்வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், அவர்களும் எதையும் எழுதி வைப்பதில்லை. நான் ஓர் அணிக்கு மேனேஜராகப் போனபோது யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் ஒவ்வொன்றாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தாலும் வேகப்படுத்த முடியாதவை இரண்டு: விசா, படகு. மற்றதையெல்லாம் கடைசி இரண்டு வாரத்தில் ஓடியாடிச் செய்துவிடலாம், இந்த இரண்டையும் முடியாது. ஆனால் தேர்வுப் போட்டி பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதுதான் நடக்கும், அதிகாரபூர்வப் பட்டியல் கையில் வர இன்னும் சில வாரம் ஆகும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். பிள்ளை தேர்வாகிவிட்டார் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். தேர்வாகாவிட்டால் நஷ்டம் சில நகல்களும் கொஞ்சம் நேரமும்தான். தேர்வான பிறகு காகிதம் தயாராக இல்லாமல் ஒரு பிள்ளை வீட்டிலேயே நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

1. வயதையும் பெயர்ப் பதிவையும் உறுதி செய்யுங்கள்

ஐசிஎஃப் எனப்படும் சர்வதேச கேனோ கூட்டமைப்பின் கணக்கில் ஜூனியர் என்றால் அந்தக் காலண்டர் ஆண்டில் 15 முதல் 18 வயது வரை நிறைபவர்கள். மாதமும் தேதியும் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டுதான் கணக்கு. 2026இல் நடக்கும் போட்டி என்றால் 2008 முதல் 2011 வரை பிறந்தவர்கள்.

ஜூனியர் உலகப் போட்டி, 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டியோடு சேர்ந்து ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் நடக்கும். சமீப ஆண்டுகளில் எல்லாமே ஐரோப்பாவில்தான்: 2023இல் போலந்தின் கிராகோவ், 2024இல் ஸ்லோவாக்கியாவின் லிப்டோவ்ஸ்கி மிகுலாஷ், 2025இல் பிரான்சின் ஃபுவா. அதனால் கீழே விசா பற்றிச் சொல்வதெல்லாம் ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பு) மனதில் வைத்து எழுதியது.

ஒரு நாட்டுக்கு ஒவ்வொரு கே1 (ஒருவர் உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் ஓட்டும் கயாக்), சி1 (ஒருவர் முழங்காலிட்டு ஒருமுனைத் துடுப்பால் ஓட்டும் கேனோ) பிரிவிலும் அதிகபட்சம் மூன்று படகுகள். அணிப் போட்டியில் மூன்று படகும் சேர்ந்து ஓட வேண்டும், எனவே மூன்று பேர் சேரவில்லை என்றால் அணிப் போட்டி இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயர் பதிவதை பெற்றோரோ கிளப்போ செய்ய முடியாது. தேசியக் கூட்டமைப்பு மட்டுமே ஐசிஎஃப்பின் இணையப் பதிவு முறை வழியாகச் செய்யலாம். முதலில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, அப்புறம் பெயர்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதிகள். உங்கள் கூட்டமைப்பில் அந்தப் பதிவு முறையின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பொறுப்பாளர் மாறியிருப்பார், பழையவரின் மின்னஞ்சலுக்கே எல்லாம் போய்க்கொண்டிருக்கும், கடைசித் தேதிக்கு முந்தைய நாள்தான் அது தெரியவரும். எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது இது.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் பதியச் சொல்லுங்கள். பெயருக்கு முன்னால் முன்னெழுத்து போடும் நம் ஆட்களுக்கு இது பெரிய பொறி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், பதிவில் இரண்டும் இடம் மாறியிருக்கும், அழைப்புக் கடிதமும் அதே தப்போடு வரும், கடைசியில் விசா கவுன்ட்டரில் இது யார் என்று கேட்பார்கள். பதிவு, அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், காப்பீடு, நான்கிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும்.

போட்டி அமைப்பாளர்கள் வெளியிடும் புல்லட்டின்தான் உங்களுக்கு வேதம். கட்டணம், பயிற்சி நேரம், தங்குமிடம், பணம் கட்ட வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். அச்செடுத்து, தேதிகளை அடிக்கோடிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். திருத்திய பதிப்பு வரும், அதையும் பாருங்கள்.

2. பாஸ்போர்ட், பெற்றோர் சம்மதம்

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கியதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்கும். நடுவில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்குத்தான் கொடுப்பார்கள், பிள்ளை வளர்ந்து முகம் மாறியிருக்கும், எனவே உத்தேசப் பட்டியலில் உள்ள எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் இப்போதே வாங்கிப் பாருங்கள். செல்லுபடித் தேதியை வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாம், பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து சம்மதக் கடிதம். 18 வயது நிறையாத பிள்ளை பெற்றோர் இல்லாமல் எல்லை தாண்டும்போது தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த கடிதம் வேண்டும். அதில் பிள்ளையின் பாஸ்போர்ட் எண், உடன் போகும் பெரியவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், போகும் நாடுகள், தேதிகள், அவசரச் சிகிச்சைக்கு அந்தப் பெரியவர் ஒப்புதல் தரலாம் என்ற வரி, இவை எல்லாம் இருக்கட்டும். உடன் போகிறவர்களாக இரண்டு பேர் பெயரைப் போடுங்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலோ ஒரு பிள்ளையோடு மருத்துவமனையில் இருந்தாலோ மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர முடிய வேண்டும்.

பெற்றோர் பிரிந்திருந்தால், ஒருவர் இறந்திருந்தால், ஒருவர் வெளிநாட்டில் வேலையில் இருந்தால் இதற்குக் கூடுதல் காகிதம் வேண்டும்: நீதிமன்ற உத்தரவு, இறப்புச் சான்றிதழ், அங்கிருந்தே கையெழுத்திட்டு அனுப்பிய சான்றளித்த கடிதம். இதை எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேளுங்கள், சீக்கிரமாகவும் கேளுங்கள். இந்தக் காகிதங்கள்தான் அதிக நாள் எடுக்கும். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பும் கூடவே தயாராகட்டும்.

3. விசா

சில நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவையே இல்லை. உங்களுடையது அப்படியென்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை போகலாம். காகிதத்தில் இது சரி. நடைமுறையில் சிக்கல் எங்கே என்றால், உலகப் போட்டி பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகிறது. அதுதான் சுற்றுலாப் பருவம், நேர்காணலுக்கு நேரமே கிடைக்காது. எனவே முன்பதிவு திறந்தவுடன் உத்தேசப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் நேரம் எடுத்து வையுங்கள், தேர்வாகாதவர்களுடையதை அப்புறம் உடனே ரத்து செய்துவிடுங்கள். குழுவாகக் கொடுக்க அனுமதிப்பார்களா என்று தூதரகத்துக்குக் கூட்டமைப்பின் பெயரில் எழுதிக் கேளுங்கள். தேசிய அணி என்றால் சில இடங்களில் தனி நேரம் ஒதுக்குவார்கள்.

எந்த நாட்டுத் தூதரகம்? பயணத்தின் முக்கிய நோக்கம் எந்த நாடோ, அல்லது அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ, அது. போட்டி போலந்தில் என்றாலும் முன்னால் செக் குடியரசில் அதைவிட நீண்ட பயிற்சி முகாம் இருந்தால் இதைத் தெளிவாகக் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அழைப்புக் கடிதத்தில் ஒரு பொறி உண்டு. அமைப்பாளர்கள் வழக்கமாகப் போட்டித் தேதிகளை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். நீங்களோ பயிற்சிக்காகப் பத்து நாள் முன்னால் போகிறீர்கள். கடிதத்தில் இல்லாத அந்தப் பத்து நாளுக்கு விளக்கம் கேட்பார்கள், அல்லது கடிதத்தில் உள்ள தேதிக்கு மட்டும் விசா கொடுத்துவிடுவார்கள். ஆகவே பயிற்சி நாட்களையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள், மறுபடியும் கேளுங்கள். எண்ணிக்கைப் பதிவு முடிந்து பாஸ்போர்ட் விவரம் கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் கடிதம் வரும். சிலர் முன்பணம் கட்டிய பிறகே அனுப்புவார்கள்.

கட்டணத்திலும் ஒரு நல்ல செய்தி. பெரியவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் லாபநோக்கற்ற அமைப்பின் பிரதிநிதியாக, இன்னொரு லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் இந்தக் கட்டணம் கட்ட வேண்டாம் என்று ஷெங்கன் விசாச் சட்டத்திலேயே இருக்கிறது. கவுன்ட்டரில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கூட்டமைப்பின் பதிவுச் சான்றிதழ் நகலையும், இவர் எங்கள் பிரதிநிதி என்ற கடிதத்தையும், அமைப்பாளரின் அழைப்பையும் வைத்து நீங்கள்தான் கேட்க வேண்டும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் எப்படியும் இருக்கும்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: அழைப்புக் கடிதம், செலவை யார் ஏற்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லும் கூட்டமைப்பின் கடிதம், பள்ளியின் விடுப்புக் கடிதம், பெற்றோர் சம்மதம், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் வேலைச் சான்றும் வங்கிக் கணக்கு விவரமும், தங்குமிடப் பதிவு, விமான முன்பதிவு, காப்பீடு. முன்பதிவு என்றுதான் கேட்கிறார்கள். பணம் திரும்பாத டிக்கெட்டை விசா வரும் முன் வாங்காதீர்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் 59 மாதம் வரை அதுவே போதும்.

பாஸ்போர்ட் விசா மையத்தில் இருக்கும் நாட்களில் பிள்ளை வேறு எந்த நாட்டுக்கும் போக முடியாது. நடுவில் இன்னொரு போட்டி இருந்தால் நாட்களை எண்ணிப் பாருங்கள்.

4. படகு

ஸ்லாலம் கே1, சி1 படகுகளின் குறைந்தபட்ச நீளம் 3.5 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். இதை விமானத்தில் கொண்டுபோவதுதான் எல்லோரும் முதலில் யோசிப்பது, பெரும்பாலும் கடைசியில் கைவிடுவதும் அதுதான். பல விமான நிறுவனங்கள் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட சாமானை ஏற்பதில்லை. சின்ன விமானங்களில் சரக்கறைக் கதவு வழியாக அது நுழையாது. ஏற்றுக்கொள்கிறோம் என்று தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள். படகின் நீளம், எடை, விமான எண், தேதி எல்லாம் குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக, திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து. டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரிலும் விமானம் இன்னொன்றினுடையதாகவும் இருந்தால், விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் விதிதான் விமான நிலையத்தில் செல்லும்.

என் கருத்து: முதல் முறை போகிற அணி அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. சொந்தப் படகை ஏற்றி இறக்கும் செலவில் இன்னும் நான்கு நாள் முன்னதாகப் போய் அங்குள்ள தண்ணீரில் பழகலாம். ஜூனியர் வயதில் அந்த நான்கு நாள் தரும் பலன் அதிகம். செக் குடியரசிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஸ்லாலம் படகு கட்டுகிற பெரிய தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் போட்டி நடக்கும் ஊரின் கிளப்புகளிடமும் வாடகைப் படகு கிடைக்கும். நான்கு மாதம் முன்பே எழுதுங்கள். ஜூனியர் எடைக்கான சின்ன அளவுப் படகுகள் குறைவு, அவைதான் முதலில் தீரும்.

எழுதும்போது ஒவ்வொருவரின் எடை, உயரம், காலணி அளவு, கே1ஆ சி1ஆ, இப்போது ஓட்டும் படகின் மாடல், அளவு எல்லாவற்றையும் கொடுங்கள். இரண்டு பிரிவிலும் போட்டியிடுபவருக்கு இரண்டு படகு வேண்டும், இதை எழுதாமல் விட்டால் பெயர்களை எண்ணிப் படகு ஒதுக்கிவிடுவார்கள். படகின் படம், வயது, எங்கே எங்கே ஒட்டுப்போட்டது என்று கேட்டு வாங்குங்கள். உடைந்தால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கார்பன் படகின் மூக்கு பாறையிலோ தடுப்பிலோ இடித்து உடைவது சாதாரணமாக நடப்பது. கையில் வாங்கும்போது படகைச் சுற்றிவந்து வீடியோ எடுங்கள், கொடுத்தவரும் கூட நிற்கட்டும்.

வாடகைப் படகில் பிள்ளை உடனே நன்றாக ஓட்ட மாட்டார். உட்காரும் உயரம், இடுப்பு இறுக்கம், கால் தாங்கி, சி1 என்றால் முழங்கால் பட்டை, இவற்றைச் சரிசெய்ய ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள படகின் இந்த அளவுகளை மில்லிமீட்டரில் எழுதி எடுத்துப்போங்கள். ஒட்டுவதற்கு ஃபோம் துண்டுகளைப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் கான்டாக்ட் பசையும் ரெசினும் தீப்பற்றும் பொருள், விமானத்தில் அனுமதி இல்லை. அங்கே போய் வாங்க வேண்டும். போகும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கடை பூட்டியிருக்கலாம். ஸ்ப்ரே டெக்கும் (தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி மூடும் உறை) படகுக்குப் படகு மாறும், காக்பிட் (உட்காரும் திறப்பு) விளிம்பின் அளவை முன்பே கேளுங்கள்.

சொந்தப் படகைச் சரக்காக அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால் ஏடிஏ கார்னெட் பற்றி விசாரியுங்கள். தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பொருளுக்குச் சுங்கவரி கட்டாமல் இருக்க வர்த்தக சபைகள் வழங்கும் ஆவணம் அது. ஓராண்டு செல்லும், ஈட்டுத் தொகையோ உத்தரவாதமோ கேட்பார்கள். ஒவ்வொரு படகும் அதன் வரிசை எண்ணும் மதிப்பும் பட்டியலில் இருக்க வேண்டும், போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனால் பின்னால் வரி கேட்டுக் கடிதம் வரும்.

துடுப்பை இரண்டாகக் கழற்றும் வகையில் வைத்திருந்தால் பயணம் எளிது. ஒவ்வொருவருக்கும் மாற்றுத் துடுப்பு ஒன்று கட்டாயம்.

5. உபகரணப் பரிசோதனையில் தேறுகிற மாதிரி தயார் செய்யுங்கள்

உள்நாட்டுப் போட்டியில் யாரும் கேட்காதவற்றை அங்கே அளப்பார்கள், எடை போடுவார்கள். படகின் நீளம், அகலம், எடை எல்லாம் பார்ப்பார்கள். மூக்கும் வாலும் கூராக இருக்கக் கூடாது: கிடைமட்டமாக 2 சென்டிமீட்டர், செங்குத்தாக 1 சென்டிமீட்டர் ஆரம் குறைந்தபட்சம். பலமுறை ஒட்டித் தேய்த்த மூக்கு இங்கேதான் மாட்டும். இரண்டு முனையிலும் 30 சென்டிமீட்டருக்குள் கையை நுழைத்துப் பிடிக்கும் கயிறு வளையம் இருக்க வேண்டும், அதை டேப் போட்டு ஒட்டி வைக்கக் கூடாது. எடை குறைந்தால் உள்ளே எடை சேர்த்து அசையாதபடி பொருத்த வேண்டும்.

ஹெல்மெட்டில் இஎன் 1385, லைஃப் ஜாக்கெட்டில் ஐஎஸ்ஓ 12402-5 என்ற தரக் குறியீடு படிக்கும் நிலையில் இருக்கட்டும். துவைத்துத் துவைத்து லேபிள் அழிந்த ஜாக்கெட்டுக்கு அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பழைய ஜாக்கெட் மிதக்கும் சக்தியை இழந்திருக்கும். பரிசோதனையில் 6 கிலோவுக்குச் சற்று அதிகமான உலோக எடையைத் தொங்கவிட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார்கள், அதை நீங்கள் கிளம்பும் முன்பே ஒரு தொட்டியில் செய்து பாருங்கள். ஜாக்கெட்டின் ஃபோமை வெட்டி மெல்லியதாக்கும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பேசாமல் புதிது வாங்கிக் கொடுங்கள், இது பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது.

ஹெல்மெட், ஜாக்கெட், ஸ்ப்ரே டெக், நீர்க் காலணி நான்கையும் கையோடு விமானத்துக்குள் எடுத்துப்போகும் பையில் வையுங்கள். பெட்டி இரண்டு நாள் கழித்து வந்தாலும் பயிற்சி நிற்காது.

6. காப்பீடு

விசாவுக்குத் தேவை குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, ஷெங்கன் முழுவதற்கும். மலிவான பயணக் காப்பீடே பெரும்பாலும் அந்த நிபந்தனையை நிறைவேற்றும். ஆனால் அதே காப்பீட்டின் விலக்குப் பட்டியலைப் படித்தால் ‘போட்டி விளையாட்டுகள்’, ‘வேகநீர் (ஒயிட் வாட்டர்) விளையாட்டுகள்’ என்று இருக்கும். விசா கிடைக்கும், தோள் இறங்கினால் பணம் கிடைக்காது. ஸ்லாலத்தில் தோள் மூட்டு விலகுவதுதான் பயப்பட வேண்டிய காயம், ஸ்கேன், மருத்துவமனை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். எனவே போட்டியில் பங்கேற்கும்போதும் பயிற்சியின்போதும் செல்லும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிற காப்பீடு எடுங்கள். அதற்கான கூடுதல் பிரீமியத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

7. மருந்துகள்

15 வயதுப் பிள்ளைக்கும் ஊக்கமருந்து விதிகள் பொருந்தும். முதலில் ஒவ்வொரு பெற்றோரிடமும் பிள்ளை சாப்பிடும் மருந்து, வைட்டமின், புரதப் பொடி, மூலிகை மருந்து எல்லாவற்றின் பட்டியலையும் வாங்குங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு மருத்துவ விலக்கு அனுமதி (தடை செய்த மருந்தை நோய்க்காக எடுக்கும் அனுமதி) வேண்டும், கவனக்குறைபாட்டுக்கான (ஏடிஎச்டி) மெத்தில்ஃபெனிடேட் மாத்திரைக்கும் வேண்டும். போட்டிக்கு 30 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவர் எழுதும் அறிக்கைக்கே அதற்கு முன் சில வாரம் ஓடிவிடும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர் அனுமதி இல்லாமலே எடுக்கலாம், 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள். சளி மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின் போட்டி நேரத்தில் வரம்புக்கு உட்பட்டது, எனவே அங்கே ஜலதோஷம் பிடித்தால் மருந்துக் கடையில் கிடைத்ததை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சோதனைக்குக் கூப்பிட்டால் 18 வயதுக்குட்பட்டவரோடு ஒரு பெரியவர் கூடவே இருக்கலாம், இருங்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் இணையக் கல்விப் பயிற்சியைப் பிள்ளைகள் எல்லோரும் முடித்துச் சான்றிதழை எடுத்துவரட்டும்.

8. செலவுக் கணக்கு

தலைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் ஒரே எண் சொல்லாதீர்கள். இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். ஆள் குறைந்தாலும் குறையாதவை: வண்டி வாடகை, எரிபொருள், கோச், மேனேஜரின் செலவு, பழுதுபார்க்கும் பொருட்கள். ஆளுக்கு ஆள் வருபவை: விமானம், தங்குமிடம், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், படகு வாடகை, விசா, காப்பீடு. ஒருவர் கடைசியில் விலகினால் முதல் வகைச் செலவு மற்றவர்கள் தலையில் ஏறும், இதை ஆரம்பத்திலேயே எல்லோரும் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளட்டும். கூட்டமைப்போ அரசோ பணம் தருகிறது என்றாலும் பெரும்பாலும் திரும்பி வந்த பிறகுதான் வரும், முதலில் நீங்கள் போட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது வழியிலுள்ள வங்கிகள் தங்கள் பங்கைக் கழித்துக்கொள்ளும். அமைப்பாளருக்கு இருபது யூரோ குறைவாகப் போய்ச் சேரும், அவர் ‘முழுத்தொகை வரவில்லை’ என்று பதிவை நிறுத்தி வைப்பார். எல்லா வங்கிக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாக வங்கிப் படிவத்தில் தேர்ந்தெடுங்கள். ரசீதை மின்னஞ்சலில் உடனே அனுப்புங்கள்.

கையில் கொஞ்சம் யூரோ நோட்டாக வைத்திருங்கள். எண் அங்கிக்கான ஈட்டுத் தொகை, முறையீட்டுக் கட்டணம், அவசரமாகப் படகு ஒட்டுபவர், இவர்களிடம் அட்டை செல்லாமல் போகலாம்.

9. வண்டி, தங்குமிடம்

ஐரோப்பாவில் ஓட்டுநரோடு ஒன்பது பேர் உட்காரும் வேனைச் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை நிறுவனங்கள் ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கும், இளம் கோச் ஓட்டுவார் என்று நினைத்திருந்தால் கேட்டுவிடுங்கள். படகு கட்டும் கூரைக் கம்பி வேனோடு வராது, தனியாகக் கேட்க வேண்டும், பலர் தரவே மாட்டார்கள். அப்படியென்றால் படகு வாடகைக்குக் கொடுப்பவரையே போட்டியிடத்துக்குக் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். படகைக் கட்ட ராட்செட் பட்டை வேண்டாம், இறுக்கத்தில் கார்பன் விரிசல் விடும். சாதாரண பக்கிள் பட்டை போதும்.

தங்குமிடம் போட்டி நடக்கும் நீர்ப்பாதையான கோர்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில், சமைக்கிற வசதியோடு இருந்தால் மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

10. போய் இறங்கிய பிறகு

குறைந்தது ஒரு வாரம் முன்னால் போங்கள். காரணம் நேர வித்தியாசம் மட்டும் இல்லை. ஒவ்வொரு கோர்ஸின் தண்ணீரும் வேறு. ஸ்லோவேனியாவின் தாட்சன் கோர்ஸில் தொடக்கத்திலேயே செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும், இத்தாலியின் இவ்ரேயாவில் டோரா பால்டேயா என்ற நிஜ ஆற்றிலேயே போட்டி, ஜெர்மனியின் மார்க்கிளீபெர்க்கில் பம்ப் வைத்து ஏற்றும் தண்ணீர். பம்ப் கோர்ஸ்களில் பயிற்சி நேரத்தை மாதங்கள் முன்பே பணம் கட்டிப் பதிய வேண்டும். போட்டிக்குச் சில நாள் முன்பு பொதுப் பயிற்சியை மூடி, நாடுவாரியாக நேரம் ஒதுக்கிவிடுவார்கள். அந்த நேரம் வீணானால் திரும்பக் கிடைக்காது.

மலைப்பனி உருகி வரும் ஆறுகளில் கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். வெப்ப நாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் நாள் கை விறைத்துவிடும், சூடான உள்ளாடையும் நீர்புகா மேலாடையும் ஆளுக்கு இரண்டு இருக்கட்டும்.

இறுதியாகக் கேட் கட்டிய பிறகு அந்த அமைப்பில் யாரும் பயிற்சி செய்ய முடியாது. முன்னோட்டம் ஓட்டுபவர்களைக் கரையில் நின்று பார்த்தும், கரையோரம் நடந்தும்தான் மனதில் பதிய வைக்க வேண்டும். ஊரிலேயே இதைப் பழக்குங்கள்: ஒரு கோர்ஸைக் கட்டி, தண்ணீரில் இறங்க விடாமல் அரை மணி நேரம் பார்க்கச் சொல்லி, அப்புறம் ஒரே ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். அணித் தலைவர்கள் கூட்டத்துக்கு மேனேஜர் தவறாமல் போக வேண்டும், நேர மாற்றம் எல்லாம் அங்கேதான் சொல்வார்கள்.

11. போட்டி நாள்

கேட் கம்பத்தைத் தொட்டால் 2 வினாடி, கேட்டை விட்டால் 50 வினாடி, தண்டனையாக ஓட்ட நேரத்தோடு கூட்டுவார்கள். அந்த 50 தவறாக விழுந்தால் பிள்ளையின் போட்டியே முடிந்துவிடும், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கிற நேரமோ மிகக் குறைவு. அதனால் ஒருவர் ஒவ்வொரு ஓட்டத்தையும் முழுதாக வீடியோ எடுக்கட்டும், மேனேஜர் முடிவுப் பலகை பக்கத்திலேயே இருக்கட்டும். கரையில் கத்தி உற்சாகப்படுத்தும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதலில் விளக்கம் கேட்கும் மனு, அதன் பிறகே எழுத்தில் முறையீடு. முறையீட்டுக்குக் கட்டணம் உண்டு, ஏற்கப்பட்டால் திருப்பித் தருவார்கள். கேட் எண்ணையும் பிள்ளையின் எண்ணையும் தெளிவாக எழுதுங்கள். கோபத்தோடு போகாதீர்கள், அங்கிருக்கும் நடுவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், மரியாதையாகக் கேட்டால் வீடியோவைப் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

முதல் சர்வதேசப் போட்டியில் 50 வாங்கிவிட்டு அழுகிற பிள்ளை நிச்சயம் ஒருவராவது இருப்பார். அவரோடு போய் உட்கார வேண்டியது யார் என்பதையும் முந்தைய இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

12. கிளம்பும் முன்

படகைத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி வீடியோ, கையெழுத்திட்ட ரசீது. எண் அங்கிகளை எண்ணிக் கொடுத்து ஈட்டுத் தொகையை வாங்குங்கள், ஒன்று எப்போதும் யாரோ ஒருவர் பையில் ஈரத்துணியோடு இருக்கும். கார்னெட் இருந்தால் வெளியேறும் முத்திரை. கூட்டமைப்புக்குக் காட்ட வேண்டிய ரசீதுகளை அன்றன்றே படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சிட்டவை ஒரு மாதத்தில் மங்கிவிடும். அப்புறம் விசா அலுவலர், படகு கொடுத்தவர், கோர்ஸ் பயிற்சிப் பதிவாளர் ஆகியோரின் மின்னஞ்சல்களை எல்லாம் ஒரே கோப்பில் தொகுத்து, கூட்டமைப்பில் ஒருவரிடமும் அடுத்த ஆண்டு உத்தேசப் பட்டியலில் வரப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.